பாரத்தை எங்கே கட்டுவது?

கண்டி வைத்தியசாலைப் பக்கத்திலிருந்து ஹந்தானைக்கு ஏறும் வீதியை அறிந்தவர்களுக்கு அதன் குணமும் தெரிந்திருக்கும். ஏறும்போது மூச்சை வாங்கும். இறங்கும்போது பிறேக்கைச் சோதிக்கும். ஐம்பதைத் தாண்டிய ஒரு பத்திரிகைக்காரன் அந்த வீதியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவதைக் கண்டு, தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் நின்ற இரண்டு பெடியன்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் தவறில்லை. என் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் இரண்டு பைகள், நிலத்தை முட்டுமாப்போல, யானையின் காதுகள் போலத் தொங்கிக்கொண்டிருந்தன.

கனடாவிலிருந்து வந்த என் மருமகன் விட்டுப்போன சைக்கிள் அது. நெடுந்தூரப் பயணத்துக்கென்றே செய்யப்பட்ட உருக்குச் சட்டம். அதனுடன் ஒரு அட்டைப் பெட்டியில், பிரிக்கப்படாமல், முன்சக்கரத்துக்கான தாழ்நிலைக் கரியர் ஒரு சோடி இருந்தது. "மாமா, யாழ்ப்பாணம் போறதெண்டால் இதைப் பூட்டாமல் வெளிக்கிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான். யாழ்ப்பாணம் போவது என் நெடுநாள் எண்ணம். ஏ-9 வீதி யாழ்ப்பாணத்துக்குப் போகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், அது கண்டியிலிருந்துதான் தொடங்குகிறது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம்.

பெட்டியைப் பிரித்தபோது எழுந்த கேள்வி எளிமையானது. பாரத்தைப் பின்னால் கட்டுவதுதானே வழக்கம்? முன்னால், அதுவும் சக்கரத்தின் அச்சுக்கு நேரே, இவ்வளவு கீழே ஏன் கட்டவேண்டும்? அந்தக் கேள்வியைத் தொடர்ந்து போனபோது அது என்னைத் தவள மாடுகள்வரை கொண்டுசென்றுவிட்டது.

கண்டி இராச்சியக் காலத்தில் இந்த மலைகளுக்கு வண்டிப் பாதை கிடையாது. பகைவர் படை ஏறிவராதபடி பாதைகளை ஒடுக்கமாகவே விட்டுவைத்தார்கள். உப்பும் கருவாடும் கரையோரத்திலிருந்து மேலே வந்ததும், பாக்கு கீழே இறங்கியதும் பொதிமாடுகளின் முதுகில்தான். தவளம் என்று அந்த மாட்டு வரிசைக்குப் பெயர். போக்குவரத்தைக் கவனிப்பதற்கென மடிகே என்றொரு பிரிவே அரசில் இருந்தது, முஸ்லிம்கள் பலர் அதில் பணியாற்றினர். தவள மாட்டின் பொதி எப்போதும் இரண்டு. முதுகின் இரு பக்கமும் சமமாக, வயிற்றின் பக்கம் தாழ்ந்து தொங்கும். மேலே குவித்துக் கட்டினால் ஒற்றையடிப் பாதையில் மாடு சரியும். ஒரு பக்கம் கூடினாலும் சரியும். சங்க இலக்கியம் படித்தவர்களுக்குப் பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்து செல்லும் கழுதைச் சாத்து நினைவுக்கு வரலாம். அங்கேயும் பொதி இரு பக்கமும் ஒத்த எடையோடு இணைத்துக் கட்டப்பட்டதாகவே சொல்லப்படுகிறது. சுமந்து சுமந்து தழும்பேறிய முதுகையும் புலவர் மறக்கவில்லை.

1815இல் கண்டி வீழ்ந்தது. 1820களில் கொழும்பு வீதி வெட்டப்பட்டது. கடுகண்ணாவைக் கணவாயில் நிற்கும் டோசன் கோபுரம் அந்த வீதியை அமைத்த பொறியியலாளரின் நினைவுச் சின்னம். கோப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக மாட்டு வண்டிகள் அந்த வீதியை நிறைத்தன. 1867இல் புகையிரதம் கண்டிக்கு வந்தது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பி இலையில் துரு நோய் கண்டது. மிச்சக் கதை எல்லோரும் அறிந்தது.

வீதியும் ரெயிலும் வந்தபின் மாட்டின் முதுகு தப்பியது. மனிதத் தலை தப்பவில்லை. தமிழகத்திலிருந்து மன்னாருக்குக் கடல் கடந்து வந்தவர்கள் காட்டுப் பாதையில் நடந்து, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளையை அடைந்தார்கள். பானையும் பாயும் தலையில், பிள்ளை இடுப்பில். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். நான் சைக்கிளில் போக நினைக்கும் ஏ-9 வீதி மாத்தளையிலிருந்து மதவாச்சிவரை ஏறத்தாழ அந்தப் பாதையைத்தான் எதிர்த்திசையில் தொடர்கிறது. ஹந்தானைத் தோட்டங்களில் கொழுந்துக் கூடையின் கயிறு இன்றும் பெண்களின் தலையில்தான் கிடக்கிறது. 1925இல் கட்டப்பட்ட ஹந்தானைத் தொழிற்சாலை பல ஆண்டுகள் கைவிடப்பட்டுக் கிடந்து, 2001இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அங்கே உருளை இயந்திரங்களும் நீராவி எஞ்சின்களும் துடைத்து மினுக்கப்பட்டு நிற்கின்றன. கூடைக் கயிறு தலையில் பதித்த தழும்பை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் வைக்க முடியாது.

சைக்கிளுக்கு வருவோம். எங்கள் பாடசாலைப் புத்தகங்கள் அதைத் துவிச்சக்கரவண்டி என்றன. தமிழ்நாட்டார் மிதிவண்டி என்கிறார்கள். வன்னியில் ஒருகாலம் ஈருருளி என்றார்கள். யாழ்ப்பாணத்தார் வாயில் அது என்றைக்கும் சைக்கிள்தான். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த பத்தாண்டுகளில் உலகெங்கும் சைக்கிள் மோகம் பிடித்துக்கொள்ள, றப்பருக்குப் பெருங்கிராக்கி ஏற்பட்டது. அதற்கு முன்பே, 1876இல், லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 1,919 றப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டிருந்தன. ஆகவே சைக்கிள் இங்கே வந்து சேருமுன்னரே அதன் டயருக்கான மரம் வந்துவிட்டது. அந்த மரத்தில் பால் வெட்டவும் நம்மவர்களே அழைத்துவரப்பட்டார்கள்.

சைக்கிளில் பாரம் ஏற்றும் கலையை உலகம் இரண்டு வழியாகக் கற்றது எனலாம். ஒன்று உல்லாசம், மற்றது போர். உல்லாசத்தின் வழி பிரான்சில் தொடங்குகிறது. அலெக்ஸ் சிங்கர், ரெனே எர்ஸ் போன்ற கைவினைஞர்கள் கூடாரத்தோடு ஊர்சுற்றுவோருக்காகச் செய்த வண்டிகளில் முன்சக்கரத்தின் பக்கவாட்டில் தாழ்வாகப் பைகளைத் தொங்கவிட்டார்கள். அமெரிக்காவில் 1976இல் நாட்டின் இருநூறாவது ஆண்டையொட்டி நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓரிகனுக்கும் வெர்ஜினியாவுக்கும் இடையிலான பாதையில் சைக்கிளோட்டினார்கள். பாரமேற்றிய வண்டி பள்ளத்தில் இறங்கும்போது பாம்பு போல நெளிகிறது என்பது அக்காலத்துப் பயணிகளின் பொதுவான முறைப்பாடு. கலிஃபோர்னியாவின் ஜிம் பிளாக்பர்ன் அந்தப் பழைய யோசனையை அலுமினியக் கம்பியில் வடித்துப் பரவலாக்கினார். தாழ்நிலைக் கரியர் என்பது இன்று ஒரு தனிச் சாதி.

போரின் வழி வேறு. 1954இல் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படையை முற்றுகையிட்ட வியற்நாமியர், அதே பிரெஞ்சு நாட்டின் பேஜோ சைக்கிள்களில் இருநூறு கிலோவுக்கு மேல் அரிசியும் வெடிபொருளும் கட்டித் தள்ளிச் சென்றார்கள். ஹாண்டிலில் ஒரு மூங்கிலைக் கட்டி நீட்டி, வண்டியின் பக்கத்தில் நடந்தபடி திசை திருப்பினார்கள். மூட்டைகள் சட்டத்தின் இரு பக்கமும் கீழே தொங்கின. எவரும் ஏறி ஓட்டவில்லை.

எங்களுக்கு இந்த இரண்டாவது பாடம் 1990 யூனுக்குப் பின்னர் தொடங்கியது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். விறகு, பாண் பெட்டி, நோயாளி, பிரேதம் எல்லாமே சைக்கிளில்தான் போயின. கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்தவர்கள் சைக்கிளையும் படகில் ஏற்றிக்கொண்டு கடந்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்தை விட்டு வெளியேறும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அன்றிரவு மழை. பல இலட்சம் சனம் அரியாலை வழியாக நாவற்குழிப் பாலத்தை நோக்கி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அப்பாவின் பழைய றலி சைக்கிளை நான் தள்ளிக்கொண்டு வந்தேன். பின் கரியரில் அரிசி மூட்டையும் உறுதிகள், சான்றிதழ்கள் வைத்த தகரப் பெட்டியும். முன்மட்காட்டுக்கு மேலே இருந்த சிறிய கரியரில் அம்மாவின் தையல் மெசினின் தலைப்பாகம், சாக்கில் சுற்றியபடி. அப்பா இறந்தபின் எங்களைப் படிப்பித்தது அந்த மெசின்தான்.

நெரிசலில் ஹாண்டில் கொஞ்சம் திரும்பினாலும் போதும், மெசினின் பாரம் முன்சக்கரத்தை மடக்கி வண்டியைச் சரித்துவிடும். மூன்று தடவை விழுத்தினேன். மூன்றாவது தடவை ஒரு கிழவியின் காலில் விழுந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் சாக்கை அவிழ்த்தார். மெசினைத் தூக்கி ஒரு மதிலோரம் வைத்தார். சாக்கை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டார். நான் அவரைப் பார்க்கவில்லை, அவரும் என்னைப் பார்க்கவில்லை.

பாலத்துக்குக் கிட்ட வரும்போது வண்டி இன்னும் தள்ளாடிக்கொண்டுதான் இருந்தது. பக்கத்தில் வந்த ஒரு வயோதிபர், தோட்டக்காரராய் இருக்கவேண்டும், என் கையைப் பிடித்து நிறுத்தினார். "தம்பி, பாரத்தை மேல கட்டினால் வண்டி உம்மைக் கொண்டுபோகும். கீழ கட்டும், நீர் வண்டியைக் கொண்டுபோகலாம்" என்றார். வேலியோரம் கிடந்த பனைமட்டைகள் இரண்டை எடுத்து, முன்சக்கரத்தின் கவையில் இரு பக்கமும் நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் வரிந்தார். பை கம்பிகளில் சிக்காமலிருக்க அந்த மட்டை. அரிசியை இரண்டாகப் பிரித்து, அம்மாவின் சாக்கிலும் ஒரு தலையணை உறையிலும் சமமாகப் போட்டு, அச்சு நட்டுக்கு நேரே இரு பக்கமும் தொங்கவிட்டார். அதன்பின் கைதடி தாண்டிச் சாவகச்சேரிவரை அந்தச் சைக்கிள் ஒரு தடவையும் விழவில்லை. அந்த மனிதரின் பெயரை நான் கேட்கவுமில்லை. அரை மணித்தியாலம் முன்னர் அவரைக் கண்டிருந்தால் என்று எத்தனை தடவை நினைத்திருக்கிறேன்.

மருமகனின் அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது அந்தப் பனைமட்டைதான், உருக்குக் குழாயில் செய்யப்பட்டது.

அதன் கணக்கு இப்போது எனக்கு விளங்குகிறது. ஹாண்டில் திரும்பும் அச்சு முன்சக்கரத்தின் மையத்துக்குக் கிட்டவாக இறங்குகிறது. பாரம் அந்த அச்சுக்கு எவ்வளவு நெருக்கமோ, திருப்புவது அவ்வளவு இலகு. மட்காட்டுக்கு மேலே உயரத்தில் இருக்கும் பாரம் சற்றுச் சரிந்தாலும் வண்டியை இழுத்து விழுத்தும். முழுப் பாரத்தையும் பின்னால் கட்டினாலோ செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் கிளம்பப் பார்க்கும், இறக்கத்தில் சட்டம் முறுக்கி நெளியும். இதற்கெல்லாம் எதிர்வாதமும் உண்டு. தாழத் தொங்கும் பை கல்லில் இடிபடும், வெள்ளத்தில் நனையும். கரடுமுரடான ஒற்றையடிப் பாதைக்கு இது ஆகாது. ஏ-9 போன்ற தார் வீதிக்கு இதைவிடச் சிறந்தது இல்லை என்பது என் முடிவு. அலுமினியத்தைவிட உருக்கு நல்லது. அலுமினியம் முறிந்தால் ஒட்டுவதற்கு ஆள் தேடவேண்டும், உருக்கை ஒட்டும் வெல்டிங் கடை எங்கள் நாட்டில் சந்திக்குச் சந்தி இருக்கிறது.

பூட்டியது கண்டியில் ஒரு பழைய சைக்கிள் கடையில். கவையின் நுனியில் ஒரு துளை, நடுவில் ஒரு துளை, இரண்டிலும் மரை வெட்டியிருந்தது. பழைய றலியில் இந்த நடுத்துளை கிடையாது, அதில் பூட்டுவதானால் கவையைச் சுற்றிப் பட்டி போட்டு இறுக்கவேண்டும். கடைக்கார நானா எல்லாவற்றையும் பூட்டி முடித்து, ஆணிகளின் மரையில் கொஞ்சம் நகப்பூச்சுத் தடவினார். "குலுக்கத்துல கழறாது சேர்" என்றார். பிறகு ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, பை சட்டத்தில் முட்டுகிறதா, பிறேக் வயர் இழுபடுகிறதா என்று பார்த்தார். நான் அவசரப்பட்டு ஒரு பக்கத்தில் புத்தகங்களையும் மறுபக்கத்தில் உடுப்புகளையும் போட்டு ஓடிப்பார்த்தேன். பத்து யார் போகுமுன் வண்டி புத்தகப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கானில் இறங்கியது. நானா ஓடிவந்து தூக்கிவிட்டார். பக்கத்துக் கடையில் தராசு வாங்கி, இரண்டு பையையும் நிறுத்து, ஏழு கிலோவுக்குச் சமப்படுத்தித் தந்தார்.

அந்த ஏழும் ஏழுமாகத்தான் ஹந்தானைக்கு ஏறினேன். இறங்கும்போது ஹாண்டில் கொஞ்சம் மந்தமாக இருந்தது, ஆனால் நேராகப் போனது. வளைவுகளில் பிறேக் பிடித்தபோதும் ஆடவில்லை.

வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தியபோது அம்மா வெளியே வந்தார். எண்பத்தைந்து வயது. கண் பார்வை குறைவு. குனிந்து, கரியரின் குழாயைக் கையால் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இது எவ்வளவு பாரம் தாங்கும்?"

"இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினைஞ்சு கிலோ மட்டிலை, அம்மா."

கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. "மெசின்ரை தலை அவ்வளவு வராது."

"வராது. ஆனால் அதை ஒரு பக்கத்திலை மட்டும் கட்டேலாது. மற்றப் பக்கத்துக்கும் அதே பாரம் வேணும்."

"அரிசி இருந்ததுதானே" என்றார்.

தை பிறந்ததும் புறப்படுகிறேன். முதல் நாள் மாத்தளைவரை. அரியாலையில் அந்த மதில் இருந்த இடம் எனக்கு இன்னும் அடையாளம் தெரியும் என்று நினைக்கிறேன்.