சிறிய கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறப் பென்சிலில் ஒரு முகம்

புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகள் பலவற்றில், ஊரில் மறைந்துபோன பெரியவர் ஒருவரின் முகம் ஒரேயொரு படமாகத்தான் எஞ்சியிருக்கிறது. அடையாள அட்டைக்காக எடுத்த, தீப்பெட்டி அளவுகூட இல்லாத கறுப்பு வெள்ளைப் படம். ஆல்பங்களைத் தூக்கிவரும் நிலையில் நாம் வெளிக்கிடவில்லை. அந்தப் படத்தைக் கணினியில் பெரிதாக்கினால் முகம் கலங்கிப் போகிறது. அதைப் பார்த்துக் கையால் வரைந்தால், தெளிவில்லாத இடங்களை அவரை அறிந்தவர்களிடம் கேட்டு நிரப்பலாம். அம்மம்மா ஒருவரின் முகத்தை நீர்வர்ணமும் நிறப் பென்சிலும் கலந்து வரையும் முறையை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

படமும் கேள்விகளும்

மூலப்படத்தில் கோடு கீறக் கூடாது. அதை 600 டிபிஐ அளவில் ஸ்கான் செய்து, பிரதியில் மட்டும் வேலை செய்வோம். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம் ஒளியையும் நிழலையும் சொல்லும், நிறத்தைச் சொல்லாது. சேலை என்ன நிறம், மூக்குத்தி வெள்ளைக் கல்லா சிவப்புக் கல்லா, நரை எவ்வளவு என்பதையெல்லாம் மாமாவிடமும் சித்தியிடமும் இப்போதே கேட்டு எழுதி வைப்போம். கேட்கக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறார்கள்.

தாளும் பென்சிலும்

நீர்வர்ணம் பூசப்போவதால் சாதாரண வரைதாள் சுருங்கும். மேற்பரப்பு வழவழப்பான 300 கிராம் நீர்வர்ணத் தாள் பொருத்தமானது. நிறப் பென்சில்களில் இரண்டு வகை உண்டு. மெழுகு அதிகமுள்ளவை மென்மையாகப் பூசும். பிரிஸ்மகலர் பிரீமியர் அப்படிப்பட்டது. எண்ணெய் சார்ந்தவை சற்றுக் கடினம், கூர் நிற்கும். 1908இல் வந்த பேபர் காஸ்டெல் பொலிகுரோமோஸ் இந்த வகை. ஒரே படத்தில் இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம்.

கோட்டுப்படம்

அடையாள அட்டைப் படம் 3.5 × 4.5 செ.மீ. என்றால், அதன் ஸ்கான் பிரதியில் 5 மி.மீ. கட்டங்கள் போட்டால் 7 × 9 கட்டங்கள் வரும். வேறொரு தாளில் 25 மி.மீ. கட்டங்கள் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதைப் பார்த்து வரைந்தால் முகம் ஐந்து மடங்காகி, ஏ4 தாளில் இடம்விட்டு அமரும். கண்களுக்கு இடையிலான தூரத்தையும், மூக்கின் அடியிலிருந்து மேலுதடு வரையுள்ள இடைவெளியையும் இரண்டு முறை சரிபார்க்க வேண்டும். சாயல் தவறுவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

திருத்தங்கள் முடிந்தபின் அந்தத் தாளின் பின்புறத்தில் பென்சில் கரியைத் தேய்த்து, நல்ல தாளின்மேல் வைத்துக் கோடுகளை மெதுவாக அழுத்தினால் உருவம் பதியும். பிசையக்கூடிய அழிறப்பரால் ஒற்றி, கோடுகளை மங்கலாக்கிவிட வேண்டும். கரி மிகுந்தால் மேலே வரும் இளநிறங்கள் அழுக்காகும். மெழுகு ஏறியபின் அதை அழிக்கவும் முடியாது.

நீர்வர்ணம் முதலில்

மெழுகின்மேல் தண்ணீர் ஒட்டாது. ஆகவே நீர்வர்ணம் எப்போதும் பென்சிலுக்கு முன்னர்தான். தாளின் நான்கு ஓரங்களையும் பலகையில் ஒட்டிவிட்டு, முகத்துக்கு மஞ்சட்காவியும் செங்காவியும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று கொடுப்போம். சேலைக்கும் பின்னணிக்கும் அதேபோல. இந்த அடிப்பூச்சு தாளின் வெள்ளைப் புள்ளிகளை மூடிவிடுவதால் பென்சில் வேலை பாதியாகக் குறையும். தலைமுடியை மிக வெளிறலாக விட்டுவிட்டு, தாள் முற்றாகக் காயும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

காய்ந்தபின், மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவால் நரைமுடி வரும் இடங்களில் மெல்லிய பள்ளக் கோடுகளை அழுத்திவிடலாம். பிறகு பென்சிலைச் சாய்த்துப் பூசும்போது அந்தப் பள்ளங்களில் நிறம் ஏறாது. நரை தானாகத் தெரியும். இதை நீர்வர்ணத்துக்கு முன்னர் செய்தால் பள்ளத்தில் நிறம் தேங்கி, கோடு கறுத்துவிடும்.

அடுக்கு அடுக்காக

பென்சிலை நன்றாகச் சீவி, கை பாரமின்றி, சிறு வட்டங்களாகப் பூச வேண்டும். நம்மவரின் தோல் ஒரே கபிலம் அல்ல. ஒளி படும் நெற்றியில் காவியும் இளஞ்செம்மஞ்சளும், கன்னத்தில் செங்கபிலம், தாடைக்குக் கீழே ஊதாவும் கருநீலமும் என ஐந்தாறு அடுக்குகள் தேவைப்படும். கண்மணிக்கும் கருமுடிக்கும் கறுப்புப் பென்சிலை மட்டும் நம்பினால் அந்த இடம் உயிரற்றுத் தெரியும். கருநீலத்தின்மேல் கடுங்கபிலம் பூசினால் ஆழமான கருமை கிடைக்கும்.

அழுத்தித் தேய்த்து மெருகேற்றுவது கடைசியில்தான். மெழுகு நிரம்பிய தாள் அடுத்த அடுக்கை ஏற்காது. கண்ணின் ஒளிப்புள்ளியும் மூக்குத்தியின் மினுக்கமும் வரும் இடங்களில் மெழுகு ஏறாமல் பார்த்துக்கொண்டு, இறுதியாக வெள்ளை குவாஷ் வர்ணத்தை நுண்தூரிகையால் ஒரு பொட்டு வைப்போம். அப்போதுதான் முகம் நம்மைப் பார்க்கத் தொடங்கும்.

மங்காமல் காப்பது

நாம் முதலில் வரைந்த படம் ஒன்றை யன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தோம். சில ஆண்டுகளில் கத்தரிப்பூ நிறச் சேலை சாம்பலாகிவிட்டது. இளஞ்சிவப்பு, ஊதா நிறப் பென்சில்கள் பல வெளிச்சத்தில் எளிதில் வெளிறக்கூடியவை. தரமான பென்சில்களின் உடலிலோ நிறப் பட்டியலிலோ ஒளி தாங்கும் அளவு குறிக்கப்பட்டிருக்கும். காரன் டாஷ் லூமினன்ஸ் வகை இதற்காகவே உருவாக்கப்பட்டது. விலை அதிகம், முழுப்பெட்டியும் வேண்டியதில்லை, தேவையான நிறங்களைத் தனித்தனியாக வாங்கலாம்.

சில வாரங்களில் கருநிறங்களின்மேல் வெண்படலம் தோன்றினால் பயப்பட வேண்டாம். மெழுகு மேலே வந்திருக்கிறது. மென்துணியால் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் வைத்து நிலைநிறுத்தும் தெளிப்பானை மெல்லியதாக அடிக்கலாம். கண்ணாடி படத்தில் தொடாதபடி இடையில் மட்டை வைத்துச் சட்டமிட்டு, வெயில் படாத சுவரில் மாட்டுவோம். பின்புறத்தில் அவருடைய பெயரையும் ஊரையும் தமிழில் எழுதி வைப்போம். நாளை பேரப்பிள்ளை படத்தைக் கழற்றிப் பார்க்கும்போது, யார் என்று கேட்க வீட்டில் ஆள் இருக்குமோ தெரியாது.