பட்டை தேடியவர்கள்

விஷஜுரம் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் நம் முன்னோர் அஞ்சிய மலேரியாவுக்கு, தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் மட்டுமே விளைந்த சிங்கோனா மரத்தின் பட்டையைவிடக் கண்கண்ட மருந்து வேறில்லாதிருந்த காலத்தில், 1820-ஆம் ஆண்டு பாரிஸ் நகரத்து ரசாயன விற்பன்னர்களான பெல்லெத்தியேயும் கவந்தூவும் அப்பட்டையின் சாரமாகிய கொயினாவைப் பிரித்தெடுத்துக் காட்டவே, ஐரோப்பிய அரசுகள் அம்மரத்தின்மீது வைத்திருந்த ஆசை பேராசையாயிற்று. வெப்ப நாடுகளில் படை நிறுத்தி ராஜ்ய பரிபாலனம் செய்ய எண்ணியோருக்குத் துப்பாக்கி மருந்தைப் போலவே இந்த மருந்தும் இன்றியமையாததாயிருந்தது.

பெருவோ தன் ராஜ்ய முத்திரையிலேயே அம்மரத்துக்கு இடமளித்திருந்த தேசம். ஆகவேதான் 1850-களில் டச்சு அரசாங்கத்துக்காக அம்மரத்தைத் தேடிச் சென்ற ஹாஸ்கார்ல் என்பவர் பொய்ப்பெயர் பூண்டு உலவினார். 1860-இல் லண்டன் இந்தியா ஆபீஸ் அனுப்பிய கிளெமெண்ட்ஸ் மார்க்கம், உள்ளூர் அதிகாரிகளின் எதிர்ப்பை மீறித் துறைமுகம் சேர்த்த கன்றுகள் நெடும் பிரயாணத்திலும் வெயிலிலும் பெரும்பாலும் பட்டுப்போயின. ஈக்வடாரில் காட்டைக் குத்தகைக்கு எடுத்து, நோயுற்ற சரீரத்தோடு ரிச்சர்டு ஸ்புரூஸ் சேகரித்தனுப்பிய செம்பட்டை இனமே நம் நீலகிரியில், உதகைத் தோட்டத்து மக்ஐவரின் பராமரிப்பில், தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் வேர்பிடித்தது. நடுவட்டத்துத் தோட்டத்தில் உழைத்தவர்களில், கடல்கடந்து தண்டனைக்காகக் கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தனர் என்பதை, கொயினாவின் மகிமையைப் பாடுவோர் அதிகம் சொல்வதில்லை.

ஆயினும் செம்பட்டையில் கொயினா குறைவு. சிறந்த மரம் பொலிவியாவில், இன்னது என்று கண்டறியும் கண்ணுடையவர்கள் சிலருக்கு மட்டுமே புலப்படும்படி நின்றது. அத்தகைய கண்ணுடையவர் மானுவேல் இங்க்ரா மாமானி என்னும் ஆதிக்குடி மனிதர். மரங்களைத் தேடிச் சென்று பட்டை வெட்டுவதே அவர் தொழில். அல்பாகா வியாபாரியான சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேயரிடம் பணியாற்றிய இவர், எஜமானர் கேட்டுக்கொண்டபடி விதை சேகரிக்கப் புகுந்தபோது, பனியில் பூக்கள் கருகிக் கருகி ஆண்டுகள் கழிந்தன. கிடைத்த எதையோ கொடுத்துக் கூலி பெற்றிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், மரம் நன்றாய்க் காய்த்த பருவம்வரை பொறுத்திருந்து, மலைகளைக் கடந்து நடந்து, 1865-இல் டாக்னா நகரில் லெட்ஜரிடம் விதைகளை ஒப்புவித்தார். பாடப்புத்தகங்கள் கண்டுபிடிப்பு என்று எதைச் சொன்னாலும், இந்த வியவகாரத்தில் ஞானம் முழுவதும் மாமானியுடையது என்பதே என் துணிபு.

லண்டனில் அவ்விதைகளை வாங்க ஆங்கில அரசாங்கம் முன்வரவில்லை. டச்சுக்காரர் ஒரு பவுண்டு விதையை அற்ப விலைக்கு வாங்கி ஜாவாவில் விதைத்தனர். பட்டையில் 10 சதவீதத்துக்கும் மேல் கொயினா தந்த அம்மரங்களால், 1930-களில் உலகத்தின் கொயினாவில் 90 சதவீதத்துக்கு மேற்பட்ட பங்கு ஜாவாவின் வசமாயிற்று. இனத்துக்கு லெட்ஜரின் பெயரைச் சூட்டினர். வறுமையில் வாடிய அவருக்கு 1897-இல் டச்சு அரசாங்கம் உபகாரச் சம்பளமும் அளித்தது. மாமானியோ பின்னொரு முறை விதை தேடிச் சென்றபோது பொலிவிய அதிகாரிகளிடம் அகப்பட்டு, சிறையில் அடிபட்டு, விடுதலையான சில நாட்களில் 1871-இல் மாண்டார். நாட்டுச் சட்டத்தை மீறியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே குற்றத்தைத் தூண்டியவர்கள் எவரும் சிறையின் வாயிற்படியை மிதிக்கவில்லை.

பட்டைக்காக மரங்களை அடியோடு வெட்டிச் சாய்த்த ஆண்டிஸ் மக்களிடம் விட்டிருந்தால் அந்த இனமே அழிந்துபோகும் என்றும், இந்தியாவில் பயிரிட்டால் ஏழைகளுக்கும் மருந்து எட்டும் என்றும் மார்க்கம் வாதித்தார். அதை முற்றிலும் கபடம் என்று தள்ள நான் துணியேன். 1892 முதல் வங்காளத்துத் தபாலாபீஸ்களில் ஒரு பைசாவுக்குக் கொயினாப் பொட்டலம் விற்கப்பட்டதல்லவா? ஆயினும் பலர் உயிர் பிழைத்தனர் என்பதால், பொருளைத் தந்தவருக்கும் அறிவைத் தந்தவருக்கும் பட்ட கடன் தீர்ந்துவிட்டதாகக் கணக்கெழுதுதல் நியாயமாகாது.

ரியோ நகரில் 1992-இல் உருவான பல்லுயிர் உடன்படிக்கை, உயிர்ச்செல்வம் அந்தந்த நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது என்றும், சம்மதம் பெற்று, பயனில் பங்கு தந்தே அதை எடுக்கவேண்டும் என்றும் விதித்தது; 2002-இல் நம் பாராளுமன்றமும் இதற்கெனச் சட்டம் செய்தது. ஆனால் உடன்படிக்கைக்கு முன்னரே கப்பலேறிய விதைகளை அந்த விதி தொடாது. ஆகையால் ஜாவாத் தோட்டங்கள் ஈட்டிய லாபத்தில் பங்கு கேட்டு, பொலிவியா அவ்வுடன்படிக்கையின் பேரில் எவ்விடத்திலும் முறையிட வழியில்லை.