குட்டி ஜப்பானும் தீப்பெட்டிப் படங்களும்

சிவகாசிக்குக் "குட்டி ஜப்பான்" என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. ஊர்க்காரர்களின் உழைப்பைப் பார்த்து வியந்த நேரு வைத்த பெயர் என்று பள்ளிக்கூடம் முதல் பட்டிமன்றம் வரை சொல்லப்படுகிறது. நல்ல கதைதான். ஆனால் ஜப்பானுக்கும் சிவகாசிக்கும் உள்ள தொடர்பு அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. அது உழைப்பைப் பற்றிய தொடர்பு மட்டுமல்ல, படங்களைப் பற்றியதும் கூட.

ஜப்பானில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியவர் ஷிமிசு மகோட்டோ. பிரான்சில் படித்துவிட்டுத் திரும்பி, 1875-ல் டோக்கியோவில் தீக்குச்சி செய்ய ஆரம்பித்தார். சில பத்தாண்டுகளுக்குள் கோபே, ஒசாகா நகரங்களில் இருந்து சீனாவுக்கும் இந்தியாவுக்கும் தீப்பெட்டிகள் கப்பல் கப்பலாக வந்தன. முதல் உலகப் போரில் சுவீடன் சரக்கு வருவது தடைப்பட்டதும் இந்தியச் சந்தை பெரும்பாலும் ஜப்பான் கைக்குப் போனது.

வாங்குபவர்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடையில் போய் "யானைப் பெட்டி கொடு", "புலிப் பெட்டி கொடு" என்றுதான் கேட்பார்கள். ஆகவே படம்தான் வியாபாரம். ஜப்பானியர்கள் இதை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இந்தியாவைக் கண்ணால் பார்த்தே இராத ஓவியர்கள் கிருஷ்ணரையும் லட்சுமியையும் வரைந்து அனுப்பினார்கள். 1894-ல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகத்தின் சாமி படங்கள் அப்போது வீடு வீடாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் சாயல் தீப்பெட்டி லேபிள்களிலும் ஏறியது. ரவி வர்மாவோ ஐரோப்பிய எண்ணெய் ஓவிய முறையில் வரைந்தவர். ஆக ஐரோப்பிய பாணி, இந்தியக் கடவுள், ஜப்பானிய அச்சு மூன்றும் கட்டைவிரல் அளவுக் காகிதத்தில் சேர்ந்தன. இதில் அசல் யாருடையது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

1910 வாக்கில் கல்கத்தாவில் குடியேறிய சில ஜப்பானியக் குடும்பங்கள் அங்கேயே எளிய கருவிகளைக் கொண்டு தீக்குச்சி செய்தன. அவர்களைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் கற்றுக்கொள்ள, சிறு தொழிற்சாலைகள் பெருகின. அந்தக் கல்கத்தாவுக்குத்தான் 1922-ல் உறவினர்களான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் வேலை கற்கப் போனார்கள். அதே ஆண்டு ஆங்கிலேய அரசு இறக்குமதித் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு (அதாவது 144 பெட்டிக்கு) ஒன்றரை ரூபாய் வரி போட்டது. உள்நாட்டில் செய்தால் லாபம் என்ற நிலை வந்துவிட்டது. 1923-ல் இருவரும் சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். மழை பொய்த்த வறண்ட பூமி, வேலையின்றி இருந்த கைகள், குச்சி காய நல்ல வெயில்... பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

தீப்பெட்டி வந்ததும் லேபிள் தேவைப்பட்டது. லேபிளுக்காக அச்சகம் வந்தது. அச்சகத்தோடு காலண்டரும் பட்டாசு உறையும் வந்தன. நடுவில் ஒரு படம், சுற்றிலும் ஒரு கட்டம், மேலேயும் கீழேயும் அரைகுறை ஆங்கிலம் என்ற அமைப்பு மட்டும் இறக்குமதிப் பெட்டிகளில் இருந்தது போலவே நின்றுவிட்டது. உள்ளே இருந்த படங்கள் மாறிக்கொண்டே இருந்தன. சினிமா நடிகர், தலைவர், கிளி, சாவி, சிறுத்தையோடு சண்டை போடும் மனிதர் என்று எது விற்குமோ அது ஏறியது. ஒன்று நன்றாக விற்றால் அடுத்த மாதமே ஓரெழுத்து மாறிய பெயரோடு அதே படம் வேறொரு ஆபீசிலிருந்து வரும். (இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு "தீப்பெட்டி ஆபீஸ்" என்றுதான் பெயர்.) வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துத்தான் "சிவகாசி சரக்கு" என்று இளக்காரமாகப் பேசினார்கள்.

இதே வெட்டி ஒட்டும் வேலையை நியூயார்க்கில் ஒருவர் செய்தபோது உலகம் வேறு மாதிரி பேசியது. டேனியல் டுமிலே என்பவர் லண்டனில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த ஹிப்ஹாப் கலைஞர். இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு எம்எஃப் டூம் என்ற பெயரில் பாடியவர். 2003-ல் "கிங் கீடோரா" என்ற பெயரில் "டேக் மீ டு யுவர் லீடர்" என்ற ஆல்பத்தை வெளியிட்டார். கிடோரா என்பது 1964-ல் ஜப்பானின் டோஹோ நிறுவனம் எடுத்த காட்ஸில்லா படத்தில் வரும் மூன்று தலை டிராகன். ஆங்கிலத்தில் டப் செய்யப்பட்ட அந்தக் காலத்து ராட்சதப் படங்களின் வசனத் துண்டுகளையும் பழைய இசைத்தட்டுத் துணுக்குகளையும் வெட்டி ஒட்டித்தான் அந்த ஆல்பம் செய்யப்பட்டது. பெரிய நிறுவனங்களின் வெளிச்சம் படாத "அண்டர்கிரவுண்ட்" இசை அது. அவர் 2020-ல் இறந்த பிறகும் ரசிகர்கள் தேடிக் கேட்கிறார்கள். அவர் செய்ததை யாரும் போலி என்று சொல்வதில்லை, சாம்பிளிங் என்கிறார்கள். இசைத்தட்டு வெளியிடும் கம்பெனிக்கும் "லேபிள்" என்றுதான் பெயர் என்பது ஒரு வேடிக்கை!

ஒரு வித்தியாசம் உண்டு. டூம் வெட்டி ஒட்டியது தன் விருப்பத்தில். சிவகாசியில் ஒட்டியவர்களில் பலர் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய பிள்ளைகள். விடியுமுன் கிராமங்களுக்கு வரும் பஸ்ஸில் ஏறிப் போய், குச்சி அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள், லேபிள் ஒட்டினார்கள். குரோஸ் கணக்கில் கூலி. 1983-ல் ஸ்மிது கோத்தாரி எழுதிய கட்டுரையின் தலைப்பே தீக்குச்சிகளில் ரத்தம் இருக்கிறது என்பதுதான். 1990-ல் சலம் பென்னுர்கர் எடுத்த ஆவணப்படத்துக்குக் "குட்டி ஜப்பானின் குழந்தைகள்" என்று பெயர். பெருமைக்குச் சொன்ன பட்டப்பெயர் அங்கே சுடுகிறது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு தொடங்கியதே சிவகாசியை வைத்துத்தான்.

இன்று அட்டைப்பெட்டியிலேயே படத்தை அச்சடித்துவிடுகிறார்கள். தனியாக லேபிள் ஒட்டும் வேலை பெரும்பாலும் போய்விட்டது. 2021 டிசம்பரில் பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாயானது. லைட்டரோடு போட்டி போடுவதே பெரும்பாடு. பழைய லேபிள்களோ சேகரிப்பவர்களின் ஆல்பங்களில் பத்திரமாக இருக்கின்றன, ஒரே பக்கத்தில் கோபே லட்சுமியும் சிவகாசி லட்சுமியும்.

கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் காலண்டர் படங்கள் இதே சிவகாசி அச்சகங்களில்தான் அச்சாயின. அவற்றின் மூலையில் அவர் கையெழுத்தைப் பார்க்கலாம். தீப்பெட்டி லேபிளில் கம்பெனி பெயர் இருக்கும், ஊர் பெயர் இருக்கும். வரைந்தவர் பெயர் ஜப்பான் லேபிளிலும் இல்லை, சிவகாசி லேபிளிலும் இல்லை.