கியர்பாக்ஸுக்குள்ள ஒரு திமிங்கலம்

போன மாசம் என் செகண்ட் ஹேண்ட் ஆட்டோமேட்டிக் காரை மெக்கானிக் அண்ணன்கிட்ட காட்டினேன். கியர் மாறும்போதெல்லாம் ஒரு உதறல். கொஞ்சம் ஆயிலை வடிச்சு மோந்து பார்த்தார். கறுப்பா, கருகின வாடை.

"இதை மாத்தவே இல்லையா தம்பி?"

"லைஃப்டைம் ஆயில்னு சொன்னாங்களேண்ணே."

"யாரோட லைஃப்டைம்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்தக் கதைக்குள்ள போனேன். 1939-ல் ஜெனரல் மோட்டார்ஸ், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களுக்காக ஹைட்ராமேட்டிக் கியர்பாக்ஸைக் கொண்டுவந்தது. நாலு கியர், கிளட்ச் பெடல் கிடையாது.

மேனுவல் கியர்பாக்ஸில் பல்சக்கரங்கள் தேயாமல் காப்பதுதான் ஆயிலின் முக்கிய வேலை. ஆட்டோமேட்டிக்ல அப்படியில்ல. எஞ்சின் சக்தியைக் கடத்துறது, அழுத்தம் கொடுத்து கியர் மாத்துறது, சூட்டைத் தணிக்கிறது எல்லாத்துக்கும் ஆயில் வேணும். உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் வழுக்கவும் கூடாது, வெடுக்குனு பிடிக்கவும் கூடாது. அந்த நிதானத்துக்காக அன்னைக்கு ஆயிலில் கலந்தது எதை தெரியுமா? எண்ணெய்த் திமிங்கலத்தின் எண்ணெயை! சூடு தாங்கும், உலோகத்தில் நல்லா ஒட்டி நிற்கும்.

1970-ல் அமெரிக்கா இந்தத் திமிங்கலத்தை அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்த்தது. திமிங்கல எண்ணெய் இறக்குமதி நின்றது. மாற்று தேடினப்போ சொனோரா பாலைவனத்து ஹோஹோபா செடி கவனத்துக்கு வந்தது. அதன் விதை எண்ணெய் வேதியியல்படி திமிங்கல எண்ணெய்க்கு ரொம்ப நெருக்கம். இன்னைக்கு ஷாம்பூ பாட்டில்ல பேர் பார்க்கிறோமே, அதேதான். ஆய்வகத்தில் உருவான செயற்கைச் சேர்மானங்களும் அந்த இடத்தைப் பிடிச்சன.

அந்தச் சேர்மானங்கள் சூட்டில் மெல்ல மெல்லச் செத்துப்போகும். அதனாலதான் ஆயில் மாத்தணும். எதையாவது ஊத்தவும் முடியாது. சிவிடி-யில் இரும்புப் பெல்ட் வழுக்காமல் பிடிக்கணும், அதுக்குத் தனி ஆயில். உங்க வண்டிக்கு எந்த ஆயில், எத்தனை கிலோமீட்டர்ல மாத்தணும்னு கையேட்டைப் பாருங்க.

என் கார்ல ஆயிலை மாத்தியாச்சு. உதறல் பாதிதான் குறைஞ்சிருக்கு. "தேஞ்ச தகட்டைப் புது ஆயில் வளர்த்துத் தராது தம்பி"ன்னார் அண்ணன். இந்தக் கேள்வியை நான் வண்டி வாங்கின அன்னைக்கே கேட்டிருக்கணும்.