நுளம்பைத் தின்னும் புழு பிறந்த கதை

நுளம்புக் குடம்பியின் தோல் மெல்லியது. உருப்பெருக்கிக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால் உள்ளே நடப்பது தெரியும். சில குடம்பிகளின் நெஞ்சுப் பகுதியில் வெள்ளை நூல் சுருண்டு கிடப்பதுண்டு. அது புழு. நீட்டி அளந்தால் குடம்பியைவிட நீளம். ஒரு மில்லிமீற்றர்க் குஞ்சாகத் தண்ணீரில் நீந்திவந்து, வாயிலுள்ள முள்ளால் தோலைத் துளைத்து உட்புகுந்து, ஒரு கிழமையளவு உள்ளிருந்தே உறிஞ்சி வளர்ந்து, கடைசியில் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். கிழிந்த குடம்பி பிழைக்காது. புழு அடிமணலுக்கு இறங்கி, இணைசேர்ந்து, அங்கேயே முட்டையிடும்.

இதை நம் பக்கத்தில் முதலில் கவனித்தவர்களில் ஒருவர் எம்.ஓ.ரி. ஐயங்கார். பின்னாளில் திருவிதாங்கூரில் யானைக்கால் நோயை ஆராய்ந்து பேர் பெற்றவர். 1920களில் வங்காளத்தில் மலேரியா நுளம்பான அனோபிலிஸின் குடம்பிகளுக்குள் இப்படிப்பட்ட புழுக்களைக் கண்டு எழுதிவைத்தார். 1964இல் வெல்ச் என்ற ஆய்வாளர் இந்தியப் புழு ஒன்றுக்கு ரொமானோமெர்மிஸ் ஐயங்காரி என்று பெயர் சூட்டினார். நடுவிலே கிட்டத்தட்ட நாற்பது வருடம் புழுவை ஆரும் பெரிதாக எண்ணவில்லை. பிற்பாதியில் எண்ண வேண்டிய தேவையும் இருக்கவில்லை, டி.டி.ரி. மருந்து வந்துவிட்டதே! இலங்கை முழுவதற்கும் 1963இல் மலேரியா நோயாளர் 17 பேர்தான். தெளிப்புத் தளர்ந்ததும் அந்தப் பத்தாண்டு முடியுமுன்னரே காய்ச்சல் பெருங்கொள்ளையாகத் திரும்பியது. மருந்துக்குச் சாகாத நுளம்புகளும் உலகெங்கும் பெருகின.

புழுவைச் சரக்காக்கியவர்கள் அமெரிக்கர்கள். லூசியானா மாநிலத்து லேக் சார்ள்ஸ் நகரில், அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் ஆய்வுகூடத்தில் பீற்றர்சன் என்பவரும் கூட்டாளிகளும் தட்டுத் தட்டாகக் குடம்பி வளர்த்து, அவற்றுக்குள் ஐயங்காரியின் உறவுப் புழுவொன்றை விட்டு, வெளிவரும் புழுக்களை ஈரமணலில் இட்டார்கள். மணலில் முட்டை நிறைந்ததும் மணலாகவே எடுத்துவைக்கலாம். வேண்டும்போது தண்ணீர் ஊற்றினால் குஞ்சுகள் பொரித்து நீந்தும். நுளம்பை ஒழிக்க நுளம்பையே கூடை கூடையாக வளர்த்த கூத்து இது. ஆனாலும் வேறு வழியில்லை, இந்தப் புழு உயிருள்ள குடம்பிக்குள்தான் வளரும். 1970களில் ‘ஸ்கீற்றர் டூம்’ என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. வழியிலேயே முட்டைகள் பழுதாகின. வளர்க்கும் செலவும் கட்டவில்லை. வியாபாரம் படுத்துவிட்டது.

லூசியானாப் புழுவுக்கு ரொமானோமெர்மிஸ் குலிசிவோராக்ஸ் என்ற பெயர் கிடைத்தது 1976இல். போட்டியாளன் பிறந்ததும் அதே வருடம்தான். இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டையில் குடம்பிகள் செத்துக் கிடப்பதை யோயல் மார்கலித் கண்டார். அந்தச் சேற்றிலிருந்து அவரும் கோல்ட்பேர்க்கும் பிரித்தெடுத்த பக்டீரியாதான் இன்று பி.ரி.ஐ. என்று உலகம் முழுவதும் விற்கப்படுகிறது. வித்தாகும்போது அது ஒரு புரதப் பளிங்கை உண்டாக்கும். குடம்பி அதை விழுங்கினால் காரம் மிகுந்த குடலில் பளிங்கு கரைந்து குடற்சுவரைப் பொத்தலாக்கும். ஒரு நாளைக்குள் கதை முடியும். தொட்டியில் புளிக்கவைத்துப் பெருக்கலாம், தூளாக்கலாம், சாக்கில் கட்டிக் கப்பலேற்றலாம். புழுவால் முடியாததெல்லாம் இதனால் முடிந்தது.

புழுவைக் கைவிடாதவர்கள் புதுச்சேரியில் இருந்தார்கள். 1975இல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பைலி, பாலராமன் முதலியோர் 1990களில் ஐயங்காரியை வளர்த்து, எந்தெந்த நுளம்பினம் அதற்கு மடிகிறது என்று சோதித்தார்கள். பிறகு றப்பர்த் தோட்டத்து ஏடிஸ் நுளம்பின்மேலும் ஏவிப் பார்த்தார்கள். எனக்கு இந்த முயற்சியில்தான் மதிப்பு அதிகம். ஒருதரம் விட்டால் தானே பெருகி அடிமணலில் குடியிருக்கும் காவல்காரனைத் தூள் ஈடுசெய்யாது.

ஆனால் யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகருக்கு லூசியானாப் புழு சரிவராது. காரணம் உப்பு. உவர்நீரில் அந்தக் குஞ்சுகளுக்கு வேலை ஓடாது. டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டுந்தான் முட்டையிடும் என்று நாமும் நெடுங்காலம் நம்பியிருந்தோம். ராமசாமியும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துச் சுரேந்திரனும் சேர்ந்த குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. இலங்கைக் கரையோரக் குடியிருப்புகளில் கைவிட்ட வள்ளங்களிலும், பாவிக்காத கிணறுகளிலும், எறிந்த பிளாஸ்ரிக் பாத்திரங்களிலும், லீற்றருக்கு 15 கிராம் வரை உப்புள்ள நீரில் டெங்கு நுளம்பான ஏடிஸ் ஈஜிப்ரியின் குடம்பிகள் உயிரோடு இருந்தன. கடல்நீரில் உள்ளது லீற்றருக்கு 35 கிராம் அளவு. உப்புச் சதுப்பில் வாழும் நுளம்புப் புழு ஒன்று அமெரிக்காவில் உண்டுதான். அது அங்குள்ள ஒரு சதுப்பு நுளம்பை நம்பி வாழ்வது, நம்முடைய ஏடிசுக்கு உதவாது.

மறுவருடம் வந்த யாழ்ப்பாண ஆய்வொன்று பி.ரி.ஐ.யை உவர்நீரில் சோதித்தது. அங்கேயும் அது குடம்பிகளைக் கொல்கிறது. ஆனால் தண்ணீரில் நின்று பெருகாது, ஒன்றிரண்டு கிழமைக்கொருதரம் திரும்பப் போட வேண்டும். இறங்குதுறைப் பக்கம் மழைத்தண்ணீரும் அலைத்தண்ணீரும் கலந்து தேங்கிய பழைய வள்ளங்களுக்கும், பூட்டிய வளவுக் கிணறுகளுக்கும் ஆர் அடிக்கடி போய்த் தூள் போடுவது? வள்ளத்தைக் கவிழ்த்துவைப்பது மலிவு. கிணற்றுக்கு வலை கட்டலாம், ஆனால் வீட்டில் கிடக்கும் மீன்வலை உதவாது, நுளம்பு புகாத சிறுகண் வலையாகப் பார்த்து வாங்க வேண்டும்.