விரல்நுனியில் தங்கிய பிழை: பல்ஸ் ஆக்சிமீட்டரும் தோல் நிறமும் (1935–2025)

கொரோனா காலத்தில் பல்ஸ் ஆக்சிமீட்டர் மருத்துவமனையை விட்டு வீட்டுக்குள் வந்தது. அது காட்டும் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்கினால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது படிக்காதவர்களுக்கும் பாடமானது. அந்த எண் எல்லாருடைய விரலிலும் ஒரே அளவு நம்பத்தக்கதல்ல. கருந்தோல் உடையவர்களின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கும்போது கருவி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு அதிகம். இது பெருந்தொற்றில் புதிதாகத் தெரியவந்த செய்தியன்று. அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே அச்சில் வந்துவிட்டது. தெரிந்த பிழை இத்தனை காலம் எப்படி நீடித்தது என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாத ஹீமோகுளோபினும் சிவப்பு ஒளியை வேறுவேறு அளவில் உறிஞ்சுகின்றன. இதைக் கொண்டு, காதுமடலில் ஒளியைச் செலுத்தி ஆக்சிஜன் செறிவை அளக்கும் கருவியை 1935-இல் ஜெர்மனியில் கார்ல் மாத்தெஸ் உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது, உயரத்தில் பறக்கும் விமானிகள் மயங்கி விழுவதைத் தடுக்க அமெரிக்காவில் கிளென் மில்லிகன் இதை மேம்படுத்தினார். ஆனால் ஒளியை ரத்தம் மட்டுமா உறிஞ்சுகிறது? தோலும் திசுவும் தோல் நிறமியான மெலனினும் சேர்ந்தே உறிஞ்சுகின்றன. ஆகவே 1940-களின் இறுதியில் எர்ல் வுட், காதை அழுத்தி ரத்தத்தை வெளியேற்றி, ரத்தமில்லாத காதின் அளவை முதலில் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கணக்கைத் தொடங்கினார். வேலை சிரமமானது. ஆனால் ஒவ்வொருவரின் தோலும் கணக்கில் சேர்ந்தது.

1970-களில் ஹியூலெட்-பேக்கார்ட் நிறுவனம் விற்ற காது ஆக்சிமீட்டர் இன்னும் ஒரு படி மேலே போனது. எட்டு அலைநீளங்களில் ஒளியை அளந்து, தோல் நிறமி போன்ற குறுக்கீடுகளைக் கணிதத்தால் நீக்க முயன்றது. விலையும் பருமனும் அதைச் சில ஆய்வகங்களோடு நிறுத்திவிட்டன. இந்தக் கருவி முக்கியமான சான்று என்று கருதுகிறேன். தோல் நிறம் அளவைப் பாதிக்கும் என்பதைப் பொறியாளர்கள் அறிந்து, அதற்கென்றே வடிவமைத்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

திருப்பம் ஜப்பானில் நிகழ்ந்தது. நிஹான் கோடன் நிறுவனத்தின் டக்குவோ அவோயாகி, ரத்தத்தில் சாயம் செலுத்தி இதயம் இறைக்கும் அளவைக் காதின் வழியே கணக்கிட முயன்றுகொண்டிருந்தார். நாடித் துடிப்பால் எழுந்த அலைவுகள் அளவீட்டைக் கெடுத்தன. அவற்றை அகச்சிவப்பு ஒளியால் நீக்கப் பார்த்தபோது, ஆக்சிஜன் அளவு மாறினால் நீக்கம் பிசகுவதைக் கண்டார். தடையாக வந்த அலைவே தமனி ரத்தத்தின் செய்தியைச் சுமந்திருந்தது. துடிப்பது தமனி மட்டுமே. தோலும் எலும்பும் துடிப்பதில்லை. மாறும் பகுதியை மாறாத பகுதியால் வகுத்துவிட்டால் மற்றவை கணக்கிலிருந்து விலகிவிடும். காதை அழுத்த வேண்டாம், ஆளுக்கு ஆள் தொடக்க அளவும் வேண்டாம். 1974-இல் அவர் இதை வெளியிட்டார். 1977-இல் மினோல்டா விரலில் மாட்டும் கருவியைக் கொண்டுவந்தது. எல்இடி விளக்குகள் வந்ததும் கருவி சிறுத்தது. 1983-இல் நெல்கார் நிறுவனத்தின் என்-100 வந்த பிறகு அமெரிக்க அறுவை அரங்குகளில் வேகமாகப் பரவியது. மயக்க மருந்தின்போது நேரும் ஆபத்தை உடனுக்குடன் காட்டிய இந்தக் கருவியின் நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது.

வகுத்தால் மெலனின் விலகிவிடும் என்ற வாதம் தாளில் சரி. நடைமுறையில் இரண்டு இடங்களில் அது தளர்கிறது. ஒன்று, எல்இடி தருவது ஒரே அலைநீளமன்று, ஒரு பட்டை. சுமார் 660 நானோமீட்டர் சிவப்பில், குறுகிய அலைநீளப் பகுதியை மெலனின் கூடுதலாக உறிஞ்சுவதால், உள்ளே போகும் ஒளியின் மையமே சற்று நகர்கிறது. விடை மேல்நோக்கிப் பிசகுகிறது. கிடைத்துள்ள விளக்கங்களில் இது ஒன்று. இரண்டாவதை நான் இன்னும் கனமானதாகக் கருதுகிறேன். ரத்தம் ஒளியைச் சிதறடிப்பதால் தூய சூத்திரம் உதவாது. ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்கு ஆக்சிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்கக் கொடுத்து, செறிவை ஏறத்தாழ 70 சதவீதம் வரை இறக்கி, தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்து, அந்த அளவுகளோடு கருவியின் விகிதத்தைப் பொருத்தி ஒரு வளைகோடு வரைகிறார்கள். திரையில் நாம் காணும் எண் அந்த வளைகோட்டிலிருந்து வருகிறது. அதற்குத் தோல் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் வெளிர்நிறத்தவர்.

1990-இல் அமல் ஜுப்ரான், மார்ட்டின் டோபின் இருவரும் செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகளை ஆராய்ந்தனர். நான்கு புள்ளிகளுக்கு மேற்பட்ட பிசகு வெள்ளையரின் அளவீடுகளில் 11 சதவீதத்திலும், கறுப்பினத்தவரின் அளவீடுகளில் 27 சதவீதத்திலும் இருந்தது. 2005-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் பிலிப் பிக்லரும் குழுவினரும், செறிவு இறங்க இறங்கக் கருந்தோலில் பிசகு கூடுவதைக் காட்டினர். கருவி மிகவும் தேவைப்படும் வேளையில்தான் பிசகும் பெருகுகிறது. ஆயினும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-இல் தந்த வழிகாட்டுதல், பத்துப் பேரைச் சோதித்து அதில் கருந்தோலர் இருவரோ 15 சதவீதமோ இருந்தால் போதும் என்றது. இரண்டு பேரின் பிசகு சராசரியில் கரைந்துபோகும். இங்கே அறியாமை என்ற சமாதானம் செல்லாது.

2020 ஆகஸ்டில் மானுடவியலாளர் ஏமி மோரன்-தாமஸ் எழுதிய கட்டுரை பழைய ஆய்வுகளை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஜோடிங் குழு தன் மருத்துவமனையின் பதிவுகளை வெளியிட்டது. கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது, உண்மைச் செறிவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். 2022-இல் வந்த மற்றோர் ஆய்வு, கோவிட் சிகிச்சைக்குத் தகுதி பெறுவது கறுப்பின, ஹிஸ்பானிய நோயாளிகளுக்குத் தாமதமானதைக் காட்டியது.

திருத்துவதற்கும் ஒரு முன்தடை இருந்தது: தோல் நிறத்தை எதைக் கொண்டு அளப்பது? 1975-இல் பிறந்த ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல், வெயிலில் தோல் எப்படிக் கன்றுகிறது என்பதைக் கணிக்க வந்தது. முதலில் அதில் கருந்தோலுக்கு இடமே இல்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட வரைவு, சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்து நிற அளவுகோலையும் கருவி கொண்டு தோலை அளப்பதையும் முன்வைத்து, 150 பேருக்குக் குறையாமல் சோதிக்கக் கோருகிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் வலென்சியா கூம்சன் போன்றோர், தோலுக்கு ஏற்ப ஒளியைக் கூட்டும் கருவிகளில் உழைக்கிறார்கள். ஆனால் அந்த வரைவு, மருந்துக்கடையிலும் இணையத்திலும் மருத்துவப் பயனுக்கல்ல என்ற குறிப்போடு விற்கும் மலிவுக் கருவிகளைத் தொடவில்லை.

நம்மில் பலரும் மங்க் அளவுகோலின் கருநிறப் பாதியில் வருகிறவர்கள். ஆகவே மருத்துவமனைகளும் அரசும் ஆக்சிமீட்டர் வாங்கும்போது, எந்த நிறத் தோல்களில், எத்தனை பேரிடம் சோதித்தது என்ற விவரத்தை உற்பத்தியாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் பயன்படுத்துவோர், எண் நன்றாக இருந்தாலும் மூச்சுத் திணறினால் காத்திருக்கக் கூடாது. மருத்துவரிடம் போய்த் தமனி ரத்தப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.