இந்தியாவில் கொலைக் குற்றமும் மரண தண்டனையும்

இந்தியாவில் கொலைக் குற்றத்துக்கு மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். மரண தண்டனை தூக்கிலிட்டு நிறைவேற்றப்படுகிறது. அமர்வு நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனையை உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். அதன்பின் உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். அரசியலமைப்பின் 72, 161ஆம் பிரிவுகளின்கீழ் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் கருணை மனு அளிக்கலாம்.

சட்ட வரலாறு

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 302ஆம் பிரிவில் மரண தண்டனையையும் ஆயுட்கால நாடுகடத்தலையும் (பின்னாளில் ஆயுள் தண்டனை) வைத்தது. எனினும், தூக்கு விதிக்காத நீதிபதி அதற்கான காரணத்தை எழுத வேண்டும் என்று 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் கூறியது. 1955ஆம் ஆண்டுத் திருத்தம் இக்கட்டாயத்தை நீக்கியது. 1973ஆம் ஆண்டின் புதிய நடைமுறைச் சட்டம் பழைய நிலையைத் தலைகீழாக்கியது: ஆயுள் தண்டனையே பொது விதி, தூக்கு விதித்தால் சிறப்புக் காரணம் காட்ட வேண்டும்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

மரண தண்டனை அரசியலமைப்புக்கு உட்பட்டதே என 1972இல் ஜக்மோகன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1980இல் பச்சன் சிங் வழக்கை விசாரித்த ஐவர் அமர்வு, ‘அரிதினும் அரிதான’ வழக்குகளில் மட்டுமே அதை விதிக்கலாம் என வரையறுத்தது. நீதிபதி பி.என். பகவதி மட்டும் மாறுபட்டார். நீதிபதிக்கு நீதிபதி தண்டனை வேறுபடும் என்பது அவருடைய முக்கிய வாதங்களுள் ஒன்று. ஆயுள் கைதி கொலை செய்தால் தூக்கு கட்டாயம் என்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு 1983இல் செல்லாததாக்கப்பட்டது.

காலதாமதம்

தூக்குக்காகக் கைதியை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைப்பதும் வழக்கானது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற வைத்தீஸ்வரன் வழக்கில், இரண்டாண்டுக்கு மேற்பட்ட தாமதம் தண்டனைக் குறைப்புக்குப் போதும் என்று 1983இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அந்தக் கால வரம்பைப் பிந்தைய தீர்ப்புகள் ஏற்கவில்லை. ஆனால் 2014 ஜனவரியில், கருணை மனுமீது முடிவெடுப்பதில் ஏற்பட்ட தாமதம் உள்ளிட்ட காரணங்களால் 15 பேரின் மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கிலும் இதே கேள்வி எழுந்தது. 1998இல் தடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த நீதிமன்றம் 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் அதை நால்வருக்கு மட்டும் உறுதி செய்தது. ஒருவரின் தண்டனையைத் தமிழக ஆளுநர் 2000இல் குறைத்தார். மற்ற மூவரின் கருணை மனுக்கள் 11 ஆண்டுகளுக்குப் பின்னர் நிராகரிக்கப்பட்டதால், 2014 பிப்ரவரியில் அவர்களுக்கும் தண்டனை குறைக்கப்பட்டது.

அண்மைக் காலம்

பயங்கரவாதம், நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தல் ஆகியவை தவிர்த்த குற்றங்களுக்கு மரண தண்டனையை ஒழிக்குமாறு 2015இல் சட்ட ஆணையம் தனது 262ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அரசு அதைச் சட்டமாக்கவில்லை. 2012 டெல்லி கூட்டு வன்புணர்வு, கொலை வழக்கின் குற்றவாளிகள் நால்வர் 2020 மார்ச் 20 அன்று திகார் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 103ஆம் பிரிவில் கொலைக்கான மரண தண்டனையைத் தொடர்கிறது. சாதி, மொழி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணங்களுக்காக ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் கூடிச் செய்யும் கொலையையும் அதே பிரிவு தனியே குறிப்பிட்டு, மரண தண்டனைக்கு உரியதாக்கியுள்ளது.